ஒரு பிளக், நான்கு பேர்

கோல கெட்டில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில்
ஐஸ் கரைவதற்குள் பேசி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தோம்.
கையுறை ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
விரலிடுக்கில் இன்னும் மாவு.
பினாங்கில் ஏறி, புக்கெட் தொட்டு, மூன்று இரவு.
பதினெட்டு மாதக் கூட்டுப்பணம்
ஒரே அறையாய்ச் சுருங்கியிருந்தது:
சன்னல் இல்லை. நான்கு கட்டில்,
அதில் இரண்டு கூரையிலிருந்து இறங்கும்.
பிளக் ஒன்று.

"ஒண்ணா?" என்றாள் இந்திராணி.
அவளிடம் போனே இரண்டு.

போன வருடம் போய்வந்த மச்சாளைக் கேட்டு
நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தேன்.
நம் மூன்றுகால் பிளக் அங்கே நுழையாது,
அடாப்டர் ஆ ஹுவாட் கடையில் எட்டு வெள்ளி.
சர்ஜ் தடுப்பு வைத்த நீட்டுவயரை ஏற்ற விடமாட்டார்கள்,
வாசலிலேயே பறித்து, இறங்கும் நாளில் தருவார்கள்,
வாத்தியார் கையில் சிக்கிய பம்பரம்போல.
பவர் பேங்க் கைப்பையில்.
பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும்.
காந்தக் கொக்கி நான்கு, சுவரெல்லாம் இரும்பாம்,
ஈரத்துண்டு தொங்க அதுதான் கொடி.
கரை மறைந்ததும் விமானப் பயன்முறை.
மறந்தால் கப்பலின் கோபுரமே
அரைச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

ஞானப்பூ கையைத் தூக்கினாள்,
சூப்பர்வைசரிடம் கழிவறைக்குக் கேட்பதுபோல.
"எனக்கு மூச்சு மிஷின் இருக்கு. ராத்திரி பூரா ஓடணும்."
டம்ளரில் ஐஸ் ஒன்று உடைந்தது.
ராத்திரி ஞானப்பூவுக்கு. பேச்சே இல்லை.
முன்கூட்டிச் சொன்னால் மிஷினுக்குக் கப்பலே வயர் தருமாம்,
அதையும் எழுதிக்கொண்டேன்.

பகலை மூன்றாய் வெட்டினோம்.
பன்னிரண்டு வருடம் ஷிப்டில் கிடந்தவர்களுக்கு
ஷிப்பில் ஒரு ஷிப்ட் போடத் தெரியாதா?
ஏழிலிருந்து பதினொன்று இந்திராணி,
பசியாறப் போனால் மூன்று தட்டு முடியாமல் வரமாட்டாள்.
பதினொன்றிலிருந்து மூன்று நான்.
மூன்றிலிருந்து ஏழு தவமலர்.

"எனக்கு வேணாம்," என்றாள் தவமலர்.

அவள் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.
உட்கார்ந்ததிலிருந்து நான்கு தடவை அதிர்ந்து
கரண்டியை ஒரு விரற்கடை நகர்த்தியிருந்தது.
எங்கே இருக்கே. யார்கூட. படம் அனுப்பு.
ஆலை வாசலில் இறங்கினாலும் அதே,
சந்தையில் கெம்போங் மீன் வாங்கினாலும் அதே.

"பவர் பேங்க்தான் இருக்கே," என்றாள் ஞானப்பூ.
மேசைக்கடியில் இந்திராணி அவளை உதைத்தது
என் காலில் பட்டது.

"கடல்ல லைன் இல்லேன்னா நம்பமாட்டான்.
சார்ஜ் இல்லேன்னா நம்புவான்.
நீ வேற தாள்ல எழுது,
நாலாவது ஆளுக்கு இடமே பத்தாதமாதிரி."

தோட்டத்துக் கிராணியின் இரண்டாம் கணக்குப்போல
இன்னொரு தாள் எழுதினேன்.
இந்திராணி ஏழிலிருந்து ஒன்று. நான் ஒன்றிலிருந்து ஏழு.
எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று
ஏனோ தோன்றியது.
படம் எடுத்து அனுப்பினாள்.
இரண்டு நீலக்கோடு உடனே விழுந்தது. பதில் இல்லை.

முதல் தாளில் அவள் பெயரை அவளே அடித்தாள்,
அடிமட்டம் வைத்ததுபோல் நேராக.
மூன்றிலிருந்து ஏழு காலி.
இந்திராணிகூடக் கை நீட்டவில்லை, அதிசயம்தான்.
நானும் அங்கே ஒன்றும் எழுதவில்லை.
பிளக்கும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்.

செம்பனைக் குலை லாரி ஒன்று
மேசையை ஆட்டிவிட்டுப் போனது.
கணக்கு பன்னிரண்டு வெள்ளி அறுபது காசு,
தவமலர் கொடுத்தாள்.
"புக்கெட்ல நண்டு மலிவாமே?"

போன் மறுபடி அதிர்ந்தது.
நிமிர்த்திப் பார்த்தாள்.
அழைத்தவன் பெயரைத் தாண்டி,
திரையின் மூலையில் இருந்த எண்ணை.

பதினெட்டு விழுக்காடு.

"நல்லா இறங்குது," என்றாள்.